நாற்பத்தோராம் மரத்தின் சுற்றளவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து, எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பாதி காலியாகிக் கிடந்த சமயம். மலாக்கா பக்கம் மஸ்ஜித் தானாவுக்குப் போகிற பாதையிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். கப்பலேறி ஊர் திரும்பியவர்கள் போக மிஞ்சியவர்களில் நானும் ஒருவன். இருபது வயது. பால் வெட்டப் போனால் பட்டையைத் தாண்டிக் கட்டையைக் காயப்படுத்துவேன். களை பிடுங்கப் போனால் கன்றைப் பிடுங்குவேன். இப்படிப்பட்ட ஆளைத் தோட்டம் ஏன் வைத்திருந்தது என்றால், தமிழ்ப் பள்ளியில் ஆறு வகுப்பு படித்திருந்த நான் எண்களை அழகாக எழுதுவேன். என் யோக்கியதை அவ்வளவுதான்.

அப்போது ஒரு வெள்ளைக்காரர் மர ஆராய்ச்சிக்கு வந்தார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மரத்து டாக்டர். குளிர்நாட்டில் ஸ்புரூஸ் என்று ஊசி ஊசியாக இலை விடுகிற மரக்காட்டில் பல வருடம் இருந்து, அந்த மரங்கள் எப்படி வளர்கின்றன, எதனால் நோயில் விழுகின்றன என்று அளந்து எழுதியவராம். அதையே ரப்பர் மரத்துக்கும் செய்து பார்க்க வேண்டுமென்று நூறு மரங்களுக்கு எண் போட்டு, நெஞ்சுயரத்தில் வெள்ளை வளையம் பூசினார். மாதம் ஒருமுறை அந்த வளையத்தின் மேல் நாடாவைச் சுற்றி அளவு எழுத வேண்டும். நோட்டில் அதற்குப் பக்கத்துக் கட்டத்தில், இலை, பட்டை, வேர்மூடு மூன்றையும் பார்த்து நலமா நோயா என்று எழுத வேண்டும். நான் தமிழில் எழுதுவதை ஆபீஸ் கணக்கரான கிராணி இங்கிலீஷில் மாற்றி மலாக்காவிலிருந்த டாக்டருக்கு அனுப்பிவிடுவார்.

எழுதுகிறவன் நான். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் அக்காவைக் கொடுத்தார்கள். பால் வெட்டில் கைதேர்ந்தவர். வாயில் அதைவிடத் தேர்ந்தவர். கைக்குழந்தையோடு வருவார். நாற்பத்தோராம் மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே கயிறு கட்டி, பழைய சேலையில் தொட்டில் போட்டுவிட்டு நாடா பிடிக்க வருவார்.

ஒரு தடவை அந்தப் பிள்ளைக்கு மலேரியா வந்து பிழைப்பதே கஷ்டம் என்றார்கள். அக்கா நாற்பத்தோராம் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, முனியாண்டி என்று கும்பிட்டு, மஞ்சள் துணி ஒன்றை மரத்தில் சுற்றிக் கட்டினார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? லயத்தில் யாருக்குத் தலைவலி என்றாலும் அந்த மரத்துக்கு ஒரு துணி. அடியில் மண்ணைக் குவித்து மேடை கட்டினார்கள். வெள்ளை வளையம் துணிக்குள்ளே போய்விட்டது.

அந்த மாதம் நாடாவோடு மரத்தின் முன் நின்றோம்.

"துணிய அவுக்கவாக்கா?" என்றேன்.

"அவுத்துப் பாரேன். ராத்திரி வந்து ஒன்னோட வேட்டிய அவுப்பாரு" என்றார் அக்கா.

லயத்தில் முனியாண்டியைப் பற்றி ஊருக்கே வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைக்கிறவன் நான். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. துணிக்கு மேலேயே நாடாவைச் சுற்றி அளந்து எழுதினேன். இனிமேல் அப்படியே அளந்துகொள்ளலாம் என்று இரண்டு பேருக்குமே பேசாமலே புரிந்துவிட்டது. நலமா நோயா என்கிற கட்டத்தில் நூறு மரத்துக்கும் நலம் என்றே எழுதி வந்தேன். மூன்றே எழுத்து, கைக்கு வலியில்லை.

சில மாதம் கழித்து அந்த மரத்தின் இலை மஞ்சளித்துக் கொட்ட ஆரம்பித்தது. பருவமில்லாத நேரத்தில் பூத்தது. அக்கா அண்ணாந்து பார்த்து, "சாமிக்கு என்னமோ கொறைடா" என்றார். கேள்விப்பட்டவர்கள் இன்னும் துணி கொண்டுவந்து கட்டினார்கள். மேலே மரம் மொட்டையாக ஆக, கீழே என் கணக்கில் அது பெருத்துக்கொண்டே போனது. நானும் மனம் கோணாமல் எழுதினேன். நலம்.

அளக்கத் தொடங்கிய எட்டாம் மாதம் கிராணி என்னைக் கூப்பிட்டார். "மரத்து டாக்டரு நாளைக்கு வராரு. நூறு மரத்துல நாப்பத்தொண்ணுதான் ராஜாவாம். அதோட மொட்டெடுத்து புதுக் காடு பூராவும் ஒட்டுக் கட்டணுமாம். நீ நல்லா எழுதியிருக்கேன்னு ஒன்னையும் பாக்கணும்னாரு."

மறுநாள் விடிந்ததும் அந்த மரத்தடிக்கு ஓடினேன். அக்கா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். துணிகளை அவிழ்க்க எனக்குத் துணிவில்லை. கயிற்றையாவது எடுத்தால் டாக்டர் துரையின் கண்ணுக்கு ஒரு குற்றம் குறையுமே என்று பட்டது.

"அக்கா, தொட்டிய அவுத்துருங்க. தொரை பாத்தா என் வேலச் சீட்டக் கிழிச்சிருவாரு."

"இப்பத்தான்டா கண்ணசந்துச்சு. ஒன் சீட்டுக்காக எம்புள்ள எழுந்திரிக்கணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் கிராணியோடு வந்து சேர்ந்தார். மரத்தைப் பார்த்ததும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. துணியை எடுக்கச் சொன்னார். யாரும் அசையவில்லை. கடைசியில் அக்கா பிள்ளையைக் கிராணியின் கையில் திணித்துவிட்டு, கல்லைக் கும்பிட்டு, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். துணி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. எல்லாம் போனபின் உள்ளே நின்றது எங்கள் ராஜா, நோஞ்சானாக. டாக்டரே நாடாவைச் சுற்றினார். முதல் மாதம் இருந்த அளவுக்கு மேல் ஒரு நூல்கூட ஏறியிருக்கவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கைத்தடியால் மண் மேடையை நோண்டினார். வேர்மூட்டில் ஆரஞ்சு நிறத்தில் தட்டுத் தட்டாகக் காளான். அதற்குக் கீழே வேரெல்லாம் வெள்ளை நூல் பின்னிப் படர்ந்திருந்தது. எங்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, சோதிப்பதற்காகத் தோளைக் கொடுத்து லேசாக ஒரு தள்ளு தள்ளினார்.

மரம் சாய்ந்தது.

காற்றில்லை, மழையில்லை. கிறீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தள்ளியவரே நிலைதடுமாறிப் பின்னால் விழுந்தார். தொட்டில் தொங்கிய இடத்தில், தொட்டில் தொங்கிய நிழலில், அந்த மரம் நீளமாகக் கிடந்தது. பிடுங்கின சொத்தைப் பல் மாதிரி அதன் அடியில் வேரே இல்லை. அக்கா கிராணியின் கையிலிருந்து பிள்ளையைப் பறித்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். பிள்ளை தூக்கம் கலைந்த கோபத்தில் அழுதது. அந்த அழுகை கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

டாக்டர் கேட்டார், கிராணி மாற்றிச் சொன்னார், எப்படி இவ்வளவு அளவு வந்தது என்று. துணியை அளந்தேன் என்றேன். என் வாழ்க்கையில் வேடிக்கை கலக்காமல் நான் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் திட்டவில்லை. விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்து, தன் நாட்டு ஸ்புரூஸ் காட்டிலும் நிமிர்ந்து நிற்கிற மரம் உள்ளே மக்கி, ஒரு குளிர்கால விடியலில் விழும், அதற்காகத்தான் அளப்பதே என்றார். பிறகு என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, எட்டு மாத நலத்தையும் பென்சிலால் அடித்தார். பக்கம் பக்கமாக அடித்தார். அன்று முழுவதும் நூறு மரத்தின் வேர்மூட்டையும் தோண்டிப் பார்த்தோம். நான் நலம் என்று எழுதிய இன்னும் நான்கு மரங்களில் அதே வெள்ளை நூல் ஓடிக்கொண்டிருந்தது.

லயத்தில் கதை வேறு மாதிரி பரவிவிட்டது. முனியாண்டிதான் என் வாயில் வந்து தொட்டிலை எடுக்கச் சொன்னார் என்றார்கள். ஒரு வாரம் எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்குப் பால் விட்ட காப்பி. நான் குடித்தேன், வாயைத் திறக்கவில்லை.

பல வருடம் கழித்து, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம். பந்தலில் அக்கா எல்லோரிடமும், "எம்மகளக் காப்பாத்துன தம்பி" என்று என்னைக் காட்டினார். பொறுக்க முடியாமல் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். "நான் காப்பாத்தலக்கா. என் சீட்டுக்குப் பயந்துதான் எடுக்கச் சொன்னேன். துணிக்கு மேல அளந்து அளந்து, அந்த மரத்தை மாசக்கணக்கா மறைச்சு வச்சவனும் நான்தான்."

அக்கா சிரிக்கவில்லை. வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "தெரியும்டா. நாடாவோட மறுமுனையப் புடிச்சது யாரு? தொட்டி கட்டுனது யாரு?"

மேளச் சத்தத்தில் அங்கே நின்றுகொண்டிருந்தோம். இன்றைக்கும் எதைப் பற்றியாவது பார்க்காமலே நலம் என்று எழுதப் போகும்போது, மறுமுனையில் ஒரு கை நாடாவை இழுத்துப் பிடிப்பதை உணர்கிறேன். பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.