தென் துருவம், வழி ஓசூர்

போகாத ஊருக்கு ஆள் அனுப்புறதுதான் டிராவல்ஸ்காரங்க பொழப்பு. என்னை மாதிரி கவுண்டர்ல உட்கார்ந்து வாய் வலிச்சவங்களுக்கு இதைத் தனியாச் சொல்லணுமா? தொண்ணூறுகள்ல ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, மாடியில இருந்த எங்க கிளையில நான் ஒருத்திதான் எல்லாம். அந்தச் சுழல் நாற்காலி, டெலிபோன், ஜன்னல்ல தெரியற பஸ் கூட்டம், எல்லாமே எனக்கு உசிரு. திருப்பதி, தர்மஸ்தலா, ஆறுபடை வீடுன்னு வண்டி ஓடிக்கிட்டிருந்தது.

பெங்களூர்ல இருந்த முதலாளிக்கு அது பத்தல. அண்டார்டிகாவுக்குக் கப்பல் விடுற வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஏஜென்சி எடுத்துட்டு, ஆளுயரப் பனிமலை போஸ்டரோட வந்து இறங்கினாரு. ஒட்டி முடிச்சுட்டு, படியில இறங்கிக்கிட்டே சொன்னாரு: "யுகாதிக்குள்ள ரெண்டு குடும்பம் டிக்கெட் போடணும். இல்லேன்னா இந்த ஆபீஸுக்குப் பூட்டுதான்."

சோறாக்க இடம்

முதல்ல மாட்டினவங்க பாரூர் விவசாயிங்க. ஆறுபடை வீட்டுக்கு சீட்டுப் போட வந்தவங்களை போஸ்டர் முன்னால நிறுத்தி, திமிங்கலம் வரும், பென்குயின் வரும், கண்ணுக்கெட்டின வரைக்கும் ஐஸ்தான்னு தொண்டை கட்டப் பேசினேன். பெரியவர் ஒருத்தர் தலையாட்டிக் கேட்டாரு. ஆள் விழுந்துட்டாருன்னே நினைச்சேன்.

நம்ம டூர் பஸ் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே. அண்டா, அடுப்பு, சமையல்காரரோட கிளம்பி, பம்புசெட் ஓடுற தோப்பாப் பாத்து நிறுத்துவாங்க. அவரு கவலையும் அங்கதான் போய் நின்னுச்சு. "எல்லாஞ் சரிம்மா. சுத்திக் கடலு, எறங்கினா ஐஸு. வழியில எங்க நிறுத்தி சோறாக்குவீங்க?"

சம்பந்தி பார்த்த பனி

சிப்காட்ல போல்ட்டு, நட்டு பட்டறை வெச்சிருந்த முனிரத்தினம் சார் ஒருநாள் முகம் சிவந்து வந்தாரு. பெங்களூர்ல மகளைக் கட்டிக்கொடுத்த இடத்துல, சம்பந்தி சுவிட்சர்லாந்து போயிட்டு வந்துட்டாராம். காதுகுத்துன்னாலும் சரி, கருமாதின்னாலும் சரி, அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு வந்துடறாராம். அதைவிடப் பெரிய ஐஸ் எங்க இருக்குன்னு கேட்டாரு. நான் போஸ்டரைக் காட்டினேன்.

இதுக்கு அந்தாண்ட சம்பந்தி போக முடியுமான்னு கேட்டாரு. அதுக்கு அந்தாண்ட பூமியே இல்லை சார்னேன். எனக்கு உள்ளுக்குள்ள கணக்கு ஓடிச்சு: இவரு போயிட்டு வந்து ஆல்பத்தை நீட்டினா அந்த மனுஷன் சும்மா இருப்பாரா? ரெண்டாவது குடும்பம் தானா வந்து விழும். முனிரத்தினம் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு. "பூமி முடியற இடமா? அப்ப எனக்கும் வீட்டுக்காரிக்கும் போடும்மா."

குளிருக்குப் பழக்கம்

குளிரைத் தாங்கிப் பழகணும்னு அவரா ஒரு வழி கண்டுபிடிச்சாரு. தளியில ரோஜாப்பூவை ஏத்துமதிக்கு அடுக்கி வைக்கிற குளிர் ரூம் ஒண்ணு. மங்கி கேப், மூணு ஸ்வெட்டரோட தினம் உள்ள போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துடுவாரு. பக்கத்துல மனைவி சாவித்திரியம்மா சால்வையைப் போத்திக்கிட்டு அவரைக்காய் உரிச்சாங்களாம்.

ரூமைப் பாத்துக்கிற கன்னடக்காரர் எனக்கே போன் போட்டுட்டாரு. பூ எடுக்கக் கதவைத் திறந்தா, குளிரு வெளிய போவுதுன்னு இவரு அதட்டுறாராம். "ரோஸ்கூட ரெண்டு நாள்ல பெங்களூர் போயிடுது மேடம், இவுரு போகவே மாட்டேங்கறாரு."

காசிக் கணக்கு

பெட்டி கட்டுற நேரத்துல சாவித்திரியம்மா தனியா வந்தாங்க. அவங்க ஆசைப்பட்டது காசிக்காம். புண்ணியமும் இல்லாம, சாமியும் இல்லாம, ஐஸைப் பாக்க எதுக்குப் போவணும், டிக்கெட்டை கேன்சல் பண்ணுன்னாங்க. இவங்க போகலேன்னா ரெண்டு குடும்பமும் போச்சு, என் நாற்காலியும் போச்சு. வாயில வந்ததைச் சொன்னேன்: அண்டார்டிகாவும் காசி மாதிரிதாம்மா, ரொம்பப் பிடிச்சது ஒண்ணை அங்கயே விட்டுட்டு வந்தா அவ்வளவும் புண்ணியம்.

காசிக்குன்னு கத்தரிக்காயை நினைச்சு வெச்சிருந்தாங்களாம், அது ஐஸ்ல செல்லுமான்னு கேட்டாங்க. பேஷா செல்லும்னேன். கொஞ்ச நேரம் போஸ்டரையே பாத்தாங்க. அப்புறம் முகம் தெளிஞ்சுடுச்சு. "அவரும் ஒண்ணு விட்டாகணுமில்ல? அப்ப போலாம்."

லட்டு

பொங்கல் கழிச்சு ரெண்டு பேரும் வந்தாங்க. மூக்குத் தோல் உரிஞ்சிருந்தது, மத்தபடி சௌக்கியம். மெட்ராஸ்ல இறங்கி, திருப்பதியையும் பாத்துட்டு வந்தாங்களாம். முனிரத்தினம் சார் என் கையில லட்டைக் குடுத்துட்டு உட்கார்ந்தாரு. நான் பரபரத்துப் போய், சம்பந்தி ஆல்பத்தைப் பாத்தாரா, எப்ப டிக்கெட் போட வராருன்னு கேட்டேன்.

ஆல்பம் பீரோவுல இருக்குன்னாரு. எங்க போயிருந்தீங்கன்னு சம்பந்தி கேட்டதுக்குத் திருப்பதி போயிட்டு வந்தோம்னு மட்டும் சொல்லி லட்டு குடுத்துட்டாராம். நான் கணக்குப் போட்டு வெச்சிருந்த ரெண்டாவது குடும்பம் அதோட போச்சு. சாவித்திரியம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "இவருக்கு ரொம்பப் பிடிச்சது சம்பந்தியோட போட்டிதானே? அதை ஐஸ்லயே விட வெச்சுட்டேன். நீ மட்டும் சொல்லலேன்னா எனக்கு எங்கம்மா தெரியும்?"

யுகாதிக்கு மறுநாள் ஆபீஸைப் பூட்டி முதலாளி கையில சாவியைக் குடுத்தேன். அண்டார்டிகா பக்கமே போகாம, ரொம்பப் பிடிச்சதை விட்டவ ஓசூர்லயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.