கொடுத்துவிட்ட காம்பரா

பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் முன்னால் பேசவே எனக்குக் கூச்சம். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் பெல்மதுளைப் பக்கம் ஒரு மலைச் சரிவில் பத்து பேர்ச் அளவில் சின்னக் காணி வாங்கி, வங்கிக் கடனில் வீடு கட்டினேன். எனக்கு டவுனில் ஹாட்வெயார் கடையில் வேலை. மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். அவள் பேர் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் இருந்ததால்தான் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை, இருந்தது. பேர் போனால் காம்பராவும் போய்விடும்.

புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு அவள் பேரை வெட்டச் சொன்னேன்.

"இருக்கட்டுமேங்க. பேரு என்ன சோறா கேக்குது?" என்றாள்.

நான் கேட்கவில்லை. இனி யாரும் எங்களைத் தோட்டத்து ஆள் என்று சொல்லக்கூடாது என்று நினைத்தேன். வெற்றிலைத் தட்டில் காம்பராச் சாவியை வைத்துக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தேன். அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

மறுவருட மழையில் பின்மேடு சரிந்து, சமைக்கிற குசினியின் சுவர் வரை மண் வந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, குடியிருக்க உகந்த இடமல்ல என்று சிவப்பு எழுத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். விற்கப் பார்த்தேன். ஒரே ஒரு ஆள் வந்தார். தாளை வாசித்தார், பிறகு கூரை ஓடுகளையும் ஜன்னல்களையும் மட்டும் எண்ணி விலை சொன்னார். மிச்சக் கடனில் பாதிகூட வராது.

வங்கி மேனேஜர் நல்ல மனிதர். சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். கடன் காலத்தை நீட்டலாம், தவணை குறையும், வட்டி கூடும். வந்த விலைக்கு விற்றால் மீதியை நான்தான் கட்ட வேண்டும். வீட்டை வங்கியிடமே ஒப்படைத்தாலும் மீதிக் கடன் என் பேரில்தான் நிற்கும். இவ்வளவையும் சொல்லும்போது என்னை 'மஹத்தயா', ஐயா, என்றே அழைத்தார். அதுதான் தாங்க முடியவில்லை. காலத்தை நீட்டக் கையெழுத்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"விக்கவும் முடியாது, விடவும் முடியாது, நிம்மதியா இருக்கவும் முடியாது. ஒங்களக் கட்டிக்கிட்ட மாதிரியேதான்" என்றாள்.

நானும் சிரித்தேன். அப்போது ஓட்டில் தூறல் விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பின்சுவரைப் பார்த்தோம்.

"காலையில பெரட்டுக்குப் போறேன். பேரு எழுதச் சொல்றேன். மண்ணுக்குள்ள சாக என்னால முடியாதுங்க" என்றாள்.

நான் பரணிலிருந்து அவளுடைய கொழுந்துக் கூடையை இறக்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை, தோட்டத்தில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்கு அவள் போனாள். பேரை எழுதிக்கொண்டார்கள். எங்கள் பழைய காம்பராவில் வேறு குடும்பம் இருக்கிறது, ஏதாவது காலியானால் சொல்கிறோம் என்றார்களாம். நான் கடைக்குப் போனேன். மத்தியானம் மழை பெய்தது.