பட்டி பார்த்த மிஷின்

கம்பெனி வேலையில் அலுமினியச் சட்டம் பூட்டக் கற்ற ஷாரோன், இப்போது உத்திரமேரூரில் தானே மிஷின் கட்டித் தருகிறாள். வெல்டிங் கிடையாது. சட்டத்தில் ஓடும் பள்ளத்துக்குள் நட்டை நகர்த்தி முடுக்கினால், மிஷினை வேண்டிய உயரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆயுதபூஜை முடிந்ததும் அரிசி மில்காரர் ஸ்ரீகாந்த் கூப்பிட்டார். அவள் கட்டித் தந்த மூட்டை தைக்கும் மிஷினை உயர்த்த வேண்டுமாம். போய்ப் பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளம் முழுக்கச் சுவருக்குப் பூசும் பட்டியை அடைத்து, பச்சை பெயின்ட் பூசி, சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்.

"இன்னாண்ணா பண்ணி வச்சிக்கீற? நட்டு எப்டி நவுரும்?"

"பள்ளம் பள்ளமா அசிங்கமா கீதேன்னு பூஜைக்கு அழகு பண்ணேம்மா."

"அந்தப் பள்ளந்தாண்ணா மிஷினே!"

ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் திணித்தாள்.

"அழகு பண்ண கையாலயே நோண்டு. நான் டீ குடிச்சிட்டு வரேன்."