என் மகளைப் பற்றி அவர் பேசிய கூட்டங்கள்

யுத்தம் முடிந்த மறுவருஷம் என் வீட்டுக்காரர் சென்னை சட்டசபைக்குப் போனார். எங்கள் ஜனங்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் கட்சி அவரை நிறுத்தியது. அதுவரை செஞ்சிக்கு வெளியே எங்கள் சேரிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். வெள்ளைக்காரனை எதிர்த்துப் பேசி ஜெயிலுக்குப் போனவர் என்பதால் ஊர்க்காரர்களும் ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்த அன்று கழுத்தில் மாலை போட்டுக் கடைத்தெரு வழியாக அழைத்துப் போனார்கள். மாலை போட்டவர்களின் கிணற்றில் நாங்கள் தண்ணீர் எடுக்க முடியாது. ஏரி வற்றினால் ஊற்று தோண்டிக் குடிப்போம்.

அடுத்த கோடையில் சேரியில் வாந்திபேதி வந்தது. என் ஏழு வயது மகளுக்குக் காலையில் கண்டது. அவர் சபைக் கூட்டத்துக்காகச் சென்னையில் இருந்தார். என் தம்பி தபாலாபீசுக்கு ஓடித் தந்தி கொடுத்தான். கம்பவுண்டர் வந்து மருந்து கொடுத்தார், தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார், போய்விட்டார். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. கடைசியில் அவள் எதுவும் பேசவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. விரல்கள் நாளெல்லாம் துணி துவைத்தவள் விரல்களைப்போலச் சுருங்கியிருந்தன.

வாந்திபேதிப் பிணத்தை வைத்திருக்கக் கூடாது என்று அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் அவர் திண்டிவனத்தில் ரயிலைவிட்டு இறங்கி, கரியில் ஓடும் பஸ் பிடித்து வந்தார். வாசலில் நின்றபடி, "எங்க?" என்று மட்டும் கேட்டார். தம்பி கூட்டிக்கொண்டுபோய் இடத்தைக் காட்டினான். நாலாம் நாள் சென்னைக்குத் திரும்பிவிட்டார். நான் அழவில்லை. கஞ்சி காய்ச்சினேன். ஆட்டை அவிழ்த்துவிட்டேன். அவள் பாவாடையைத் துவைத்துக் காயப்போட்டேன், எதற்கென்று தெரியாமல்.

அடுத்த முறை சபை கூடியபோது அவர் மகளைப் பற்றிப் பேசினார். பத்திரிகையில் வந்ததைத் தம்பி படித்துக் காட்டினான். மந்திரியே எழுந்து வருத்தம் சொன்னாராம். வருஷம் திரும்புவதற்குள் எங்கள் சேரிக்குக் கிணறு வந்தது.

அதைத் திறந்துவைக்கும் கூட்டத்தில் நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் மைக்கில்லாமலே உரக்கப் பேசினார்.

"என் மடியில படுத்துக்கினு, நைனா, தண்ணி குடுன்னு கேட்டா எங்கொழந்த. நான் குடுத்தேன். அந்தத் தண்ணிதான் அவளக் கொன்னுச்சு."

குரல் உடைந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அவர் அன்று ஊரிலேயே இல்லை என்பது எங்கள் சேரியில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

வீட்டில் சோறு போடும்போது கேட்டேன்.

"அன்னிக்கு நீங்க இங்க இல்லியே?"

கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "இல்லதான்" என்றார்.

"அவ ஒண்ணுமே பேசல."

"பட்டணத்துல இருந்தேன்னு சொன்னா இன்னா ஆவும்? பெத்தவன் சபையில குந்திக்கினு இருந்தான்னு அதத்தான் பேசுவாங்க. கெணத்துப் பேச்சு போயிடும். இன்னும் எத்தினி சேரி இருக்குது."

"சொல்லுங்க. சொன்னா கெணறு வருதில்ல."

கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு தலையைத் தூக்காமலே, "நெசமாவே ஒண்ணும் கேக்கலியா?" என்றார்.

"இல்ல."

அதற்குப் பிறகு பல மேடைகளில் சொன்னார். அனந்தபுரம் பக்கம் இரண்டு சேரிகளுக்குக் கிணறு கிடைத்தது. மேல்சித்தாமூர் பக்கத்துக் கூட்டம் ஒன்றில் அவளுக்கு வயது ஐந்தாகியிருந்தது. எந்த இடத்தில் குரல் உடையும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. கூட இருந்தவர்கள் அழுவார்கள். நான் கூட்டம் எப்போது முடியும், பஸ் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

இதற்கிடையில் சுதந்திரமும் வந்திருந்தது. மந்திரிசபை மாறியபோது அவர் பெயரும் அடிபட்டது, பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "போனாப் போவுது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு கிணற்றுக்கு மனு எழுத உட்கார்ந்தார்.

இப்போதெல்லாம் அந்த நாளை நினைத்தால் அவரும் வீட்டுக்குள் இருக்கிறார். கதர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறார். முதலில் அப்படித் தோன்றியபோது தலையை உலுக்கிக்கொண்டேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்று பிறகு விட்டுவிட்டேன்.