கோழிக்குஞ்சுப் படத்துக்குப் பின்னால்

என் அக்காவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. உலகத்தில் நாலு பேருக்குத் தெரிந்தால் அதிகம் என்கிற ஒரு மென்பொருள் கருவியை வைத்துக்கொண்டு, நாங்கள் வேலை பார்க்கும் குஞ்சு பொரிப்பகத்துக்கு, ஹீட்டரை இயக்கவும் வெப்பநிலையைப் பதியவும், அவளே புரோகிராம் செய்து கொடுத்தாள். வெறும் திரையில் பட்டன்களை இழுத்துப் போடுவாள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுவாள், வேலை முடிந்தது. கட்டிக்கொண்ட மாப்பிள்ளையைக்கூட அவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்க மாட்டாள்.

அந்த மாப்பிள்ளை, அதாவது என் அத்தான், இங்கேதான் எலெக்ட்ரீஷியன். மூன்று நாளாக முட்டை அறை ஹீட்டர் திடீர் திடீரென்று அணைந்தது. நாளைக்குப் பொரிய வேண்டிய முட்டைகள். "இன்னொரு தடவை அணைஞ்சா நீ வீட்டுக்குப் போயிடு" என்று முதலாளி அத்தானிடம் சொல்லிவிட்டார். வேலை போனால் முதலாளி கொடுத்த குவார்ட்டர்ஸ் வீடும் போகும். நாங்கள் மூவரும் அதில்தான் இருக்கிறோம். அத்தான் மறுபடியும் உள்ளே போய் ஒவ்வொரு ஒயராகச் சோதித்தார். அக்காவும் தன் பங்குக்கு, "எங்கயோ லூஸா இருக்குங்க, சரியாப் பாருங்க" என்றாள்.

வழக்கம்போல வெப்பநிலையைப் பதியக் கம்ப்யூட்டருக்குப் போனேன். ஈரக் கையால் மவுஸைத் தொட மாட்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த பட்டனுக்கு நகர்த்தும் டேப் கீயை இரண்டு தட்டு, அப்புறம் என்டர். பதற்றத்தில் மூன்று தட்டி என்டரை அழுத்திவிட்டேன். திரையில் ஹீட்டர் அணைந்ததாகக் காட்டியது.

"இப்ப என்னடி அழுத்தினே?" என்றாள் அக்கா.

சொன்னேன். அக்காவின் முகம் வெளுத்தது. ஹீட்டரை மறுபடி போட்டாள்.

போன வாரம் சோதனைக்காக ஹீட்டரை நிறுத்தும் பட்டன் ஒன்றை வைத்திருந்தாளாம். அதை நீக்கினால் புரோகிராம் முரண்டு பிடித்ததால், அதன்மேல் ஒரு கோழிக்குஞ்சுப் படத்தை ஒட்டிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். படம் மவுஸைத் தடுக்கும், டேப்பைத் தடுக்குமா? இந்த மூன்று நாளும் அவசரத்தில் என் கை ஒரு தட்டு கூடத் தட்டியபோதெல்லாம் ஹீட்டர் அணைந்திருக்கிறது.

"மறுபடியும் அணைஞ்சிடுச்சில்ல? கிளம்பு" என்று, ஹீட்டர் அணைந்ததைக் கவனித்துவிட்டு வந்த முதலாளி முட்டை அறைக்குள் இருந்த அத்தானைப் பார்த்துக் கத்தினார்.

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். உண்மையைச் சொன்னால் அவள் புரோகிராம் குப்பைக்குத்தான் போகும். அவள் உதறிக்கொண்டாள்.

"ஒயர் நல்லாத்தான் இருக்கு சார். தப்பு என் புரோகிராம்ல."

முதலாளி திரையையும் அவளையும் பார்த்தார். "அப்ப அதைத் தூக்கிடு."

"தூக்கிடறேன் சார். அவரைப் போகச் சொல்லாதீங்க."

சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு உயிர் வந்தது.

அத்தான் வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "ஒயர்ல ஒண்ணும் இல்லன்னு மூணு நாளா சொன்னேன். அவர் நம்பல, சரி. நீயும் நம்பலையே."