சந்தைப் படத்தில் சிவப்பு அம்பு

காலை 7.10. குண்டடத்தில் பல்லடம் பஸ் ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். திருப்பூரில் பழைய சந்தையை இடித்துவிட்டு மூன்று மாடி வணிக வளாகம் கட்டப்போகிறார்களாம். பத்து மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். அந்தச் சந்தைக்குள் இருபத்திரண்டு வருடமாக இட்லிக் கடை நடத்துகிறாள் என் தங்கை சரசு. "நீங்க வந்து நறுக்குனு நாலு வார்த்தை பேசோணுமுங்ணா" என்று போனில் சொல்லியிருந்தாள். வழியெல்லாம் அந்த நாலு வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

பல்லடத்தில் பஸ் மாறினேன். அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். துணி மூட்டை ஏற்றிய டெம்போக்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

10.20. சந்தைக்குப் பக்கத்து அரங்கு பூட்டியிருந்தது. கதவில் ஒரு தாள்: கூட்டம் வேலம்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. சந்தையைப் பற்றிப் பேச ஊரைத் தாண்டிப் போக வேண்டுமாம்! எந்த மகராசன் யோசனையோ! ஆட்டோக்காரர் எழுபது ரூபாய் கேட்டார்.

"அநியாயமுங்க" என்றேன்.

"ஏனுங்க, காத்தாலிருந்து இந்தத் தாளைப் படிச்சுப்போட்டு எல்லாரும் என்னையத்தான் வையறாங்க. நானா ஒட்டுனேன்?"

ஏறி உட்கார்ந்தேன்.

11.00. சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மண்டப வாசலில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஆளுக்கொரு வெள்ளை டீ ஷர்ட் நீட்டினார்கள். நெஞ்சில் 'புதிய வளாகமே வருக' என்று பெரிய எழுத்து. காய்ந்த துணி கிடைத்ததே என்று சட்டையைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தேன்.

மேடையில் வளாகத்தின் வரைபடம் தொங்கியது. சரசு எழுந்தாள். "என்ற கடை இதுல எங்கீங்க?"

அதிகாரி குச்சியால் ஓரிடத்தைத் தொட்டார். "இங்கதாம்மா. டூவீலர் பார்க்கிங்."

"அப்ப நான் எங்கீங்க போறது?"

"படிவத்துல எழுதிக் குடும்மா."

"படிவம் குடுங்க."

"தீர்ந்துபோச்சு."

என்ன கூத்து இது! டீ ஷர்ட் மட்டும் மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

சரசுவோடு பத்துப் பெண்கள் லீவு போட்டு வந்திருந்தார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை; தினமும் அவள் கடையில் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போகிறவர்கள். ஒருத்தியும் டீ ஷர்ட்டைப் போடவில்லை. வாங்கின கையோடு உள்பக்கம் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்தார்கள்.

"ஏட்டி, தோள் தையல் விட்டிருக்கு பாரு. இத எவன் பாஸ் பண்ணுனான்?" என்றாள் திருநெல்வேலிப் பக்கத்து மேரி. பர்ஸிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். துணியில் பழுது உள்ள இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்புகள். நேரே மேடையேறி, வரைபடத்தில் பார்க்கிங் மேல் ஒன்றை ஒட்டினாள்.

"என்னம்மா பண்றே?"

"செக்கிங் சார். குத்தம் இருக்குற இடத்துல அம்பு ஒட்டணும். சரி பண்ணாம பீஸ் வெளிய போகாது."

மற்றவர்களும் வரிசையாகப் போய் ஒட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று கைதட்டினேன். ஃபிளாஷ் அடித்தது. பத்திரிகைக்காரர் கேமரா என் பக்கம் இருந்தது.

சரசு விறுவிறுவென்று வந்தாள். மேரியின் தாளில் மிச்சமிருந்த ஓர் அம்பை உரித்து என் நெஞ்சில் அழுத்தி ஒட்டினாள்.

"மொதல்ல இதைக் கழட்டுங்ணா."

மனப்பாடம் செய்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

மறுநாள் குண்டடம் டீக்கடையில் பேப்பரைப் பிரித்தேன். 'புதிய வளாகத்துக்கு மக்கள் வரவேற்பு' என்று தலைப்பு. படத்தில் அம்பும் இல்லை, சரசுவும் இல்லை. மக்கள் என்று நான் ஒருவன்தான் இருந்தேன், கைதட்டிக்கொண்டு.