சோப்பு போட்டு ஏற்றிய வளையல்

ராஜபாளையத்தில் ஏழாம் மாதம் எனக்கு வளைகாப்பு நடந்தது. கை வீங்கிக் கிடந்ததால் வளையல் ஏறவில்லை. மாமியாரின் அக்கா சோப்பு நுரை தடவி ஏற்றினாள்.

“ஏட்டி, ஒங் கையும் மாசமாருக்கு. இம்புட்டு வீக்கம்னா ஆம்பளப் புள்ளதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவலி என்றேன், யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் கண் மங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா பிரஷர் ஏறிக் கிடப்பதைப் பார்த்ததுமே டாப்ளர் ஸ்கேன் எடுத்தார். குழந்தைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று அதில் தெரியுமாம்.

“தொப்புள்கொடியில ரத்த ஓட்டம் கொறையுது. விட்டா புள்ள வயித்துக்குள்ளயே போயிரும். இன்னைக்கே சேரணும்” என்றார்.

“ஆம்பளப் புள்ளதான டாக்டரு?” என்று கேட்டாள் மாமியாரின் அக்கா. டாக்டரம்மா சீட்டை எழுதி நர்சிடம் கொடுத்தார்.

ஊசி ஏற்ற வளையலை எடுக்க வேண்டும் என்றாள் நர்சு. வீக்கத்தில் கழற்ற முடியவில்லை.

“பிரசவத்துக்கு முன்ன ஒடைக்காதீக, ஆகாது!” என்று மாமியாரின் அக்கா கத்தினாள்.

நானே கட்டில் கம்பியில் அடித்து உடைத்தேன்.

தினமும் அந்த ஸ்கேனைப் பார்த்துப் பார்த்துப் பத்து நாள் தள்ளினார்கள். பிறகு ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெண் குழந்தை. பிழைத்துக்கொண்டாள்.

பார்க்க வந்த மாமியாரின் அக்கா, “எல்லாம் நான் போட்ட வளையல் ராசி” என்று குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினாள்.

“சோப்பு அங்க இருக்கு. மொதல்ல கையைக் கழுவிட்டு வாங்க” என்றேன்.